இரண்டு நாள் தொங்கட்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று வெளிச்சம் அளக்கும் மீட்டர் பதினொன்று சோதித்தேன். ஏழு தேறின. மூன்றுக்குத் திருத்தம். ஒன்று செத்துவிட்டது. பதிவேட்டில் அப்படி எழுதக் கூடாதாம். ‘பயன்பாட்டுக்கு உகந்ததல்ல’ என்று எழுத வேண்டும். எழுதினேன்.

சாயங்காலம் மச்சினி போன் செய்தாள். அக்கா போனதால் தள்ளிவைத்த கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டார்களாம். ஏப்ரல் ஆறு. நல்லது என்றேன். என்ன சாப்பிட்டீர்கள், தூங்குகிறீர்களா, வீட்டுச் சொந்தக்காரர் ஏதாவது சொன்னாரா என்று ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்தாள்.

“அத்தான், அந்த நீலக் கவுன்...”

“அது இன்னும் முடியலையே.”

“கீழ் மடிப்பு மட்டும்தானே பாக்கி?”

“பாக்கலாம்.”

“பாக்கலாம்னா?”

பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தான். வைத்துவிட்டேன்.

அந்தக் கவுன் ஜன்னல் கம்பியில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் என் வீட்டுக்காரியே மாட்டியது. தங்கை கல்யாண வரவேற்புக்கென்று ஒன்றரை மாதமாகத் தைத்தாள். குறுக்கு வாட்டில் வெட்டிய துணியாம். தைத்த உடனே மடிப்புப் போட்டால் பிறகு ஒரு பக்கம் இறங்கி நாய் வாய் மாதிரி ஆகிவிடுமாம். தரையில் புரளாமல் இருக்கக் கீழே நான்கு விரல் மடித்துக் குண்டூசி குத்தினாள். “ரெண்டு நாள் தொங்கட்டும் மீட்டர்காரரே, அதோட எடையில அதுவே இறங்கி நிக்கும். அப்புறம் அளவு எடுத்துத் தாங்க” என்றாள்.

மறுநாள் மத்தியானம் தலைவலி என்று படுத்தாள். மூளையில் ரத்தக் குழாய். நாலாம் நாள் இல்லை.

ஏழு மாதமாக நான் அதைத் தொடவில்லை. யாரையும் தொடவிடவில்லை. அது அவள் வைத்த இடம்.

மார்ச் 6, வியாழன்

ஒன்றுமில்லை. சாப்பிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் ஜீரோ என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசை. எந்த மீட்டரை எடுத்தாலும் ‘முதல்ல ஜீரோ பாத்தியா?’ என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெயர். “சட்டை என்னடா நாற்காலி மாதிரியே இருக்கு?” என்றார். நாற்காலி முதுகில்தான் காயப்போடுகிறேன். ஜன்னல் கம்பி காலியில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து புகார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மேட்டுக்குடிப் பெண்களின் நகையும் உடையும் என்று ஒரு கண்காட்சி ஏழு வாரமாக நடக்கிறது. பழைய துணிக்கு ஐம்பது லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது. நாங்கள் சான்றிதழ் கொடுத்த மீட்டரை வைத்துத்தான் விளக்குகளை வைத்தார்களாம். இப்போது வேறு மீட்டரை இரவல் வாங்கிப் பார்த்தால் அதிகமாகக் காட்டுகிறதாம். முதலாளி என்னைப் போகச் சொன்னார்.

கறுப்புச் சுவர், கண்ணாடிப் பெட்டிகள், மூவந்தி நேரம் மாதிரி வெளிச்சம். என் மீட்டர் அறையின் சூட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. சுற்றிப் பார்த்தேன். ஏழு மாதத்தில் வேடிக்கை பார்ப்பது என்று எதையாவது பார்த்தது இதுதான். அதுவும் வேலைக் கணக்கில்.

நெற்றியில் வைக்கும் வைரப் பட்டம். அந்தரத்தில் நிற்கிறது; நெற்றி இல்லை. பாவாடை குடை மாதிரி விரிய உள்ளே கட்டும் எஃகு வளையக் கூடு. கோழி அடைக்கலாம். இடுப்பு ஐம்பத்தாறு சென்டிமீட்டர் என்று ஒரு கச்சை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் தன் கணவரிடம், “இதைப் போட்டுக்கிட்டு எப்படிங்க மூச்சு விட்டாங்க?” என்றாள். “விட்டிருக்க மாட்டாங்க, அதான் இங்க இருக்கு” என்றார் அவர். முழங்கைக்கு மேல் வரும் கையுறை, இருபது பொத்தான், பொத்தான் போடவே தனியாக ஒரு வெள்ளிக் கொக்கி. அடுத்த பெட்டியில் இடுப்பில் மாட்டும் வெள்ளிச் சங்கிலிக் கொத்து. நுனியில் குட்டிக் கத்தரிக்கோல், ஊசிக் கூடு, விரலுறை, அளவு நாடா. தையல் சாமான் முழுதும் இடுப்பிலேயே. வீடெல்லாம் கத்தரிக்கோலைத் தேடுவாளே, இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடித்த பிறகுதான்—

சரி.

மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி. துக்க நகைகள். கறுப்புக் கல், கறுப்பு எனாமல். நடுவில் ஒரு தங்கப் பதக்கம். கண்ணாடிக்கு அடியில் பழுப்பு முடியைப் பாய் மாதிரி பின்னி வைத்திருக்கிறார்கள். இறந்தவளின் முடி. குறிப்பட்டையில் போட்டிருந்தது: மனைவியை இழந்தவர் செய்வித்தது.

எங்கள் குளியலறை வடிகாலில் அக்டோபர் வரைக்கும் அவள் முடி வந்தது. நான் எடுத்துக் குப்பையில் போட்டேன். தண்ணீர் போக வேண்டுமே. அவன் பின்னித் தங்கத்தில் வைத்தான். நான் தண்ணி போகணும்னு குப்பையில போட்டேன்.

இன்னொரு பட்டை: கணவனை இழந்த பெண் இரண்டு வருடத்துக்கும் மேல் கறுப்பு உடுத்த வேண்டும். ஆணுக்குத் தொப்பியில் ஒரு கறுப்பு நாடா. அப்புறம் வேலைக்குப் போகலாம்.

நான் பதினோராம் நாள் போனேன். நாடாகூட இல்லை.

“சார், கண்ணாடியத் தொடாதீங்க” என்றார் காவலாளி. தொடவில்லை என்றேன். “தொடப்போறீங்க, முகத்துல தெரிஞ்சுது” என்றார்.

பெரிய பெட்டியில் ஊதா நிற மாலை விருந்து கவுன். புகார் இதற்குத்தான். என் மீட்டர் எழுபத்து நான்கு காட்டியது. அவர்களுடையது அறுபத்திரண்டு. எங்கள் சான்றிதழ்ப்படி பன்னிரண்டைக் கழித்தால் சரியாக ஐம்பது. கழித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சான்றிதழில் ஜனவரி ஆறு என்று தேதி. கையெழுத்து என்னுடையது.

துணிகளைப் பராமரிக்கும் பெண் என் வயதுதான் இருப்பாள். காவலாளிகள் அவளைத் துணி டாக்டர் என்கிறார்கள். மூக்கு சிவக்க ஜலதோஷம். “யார் மீட்டர் சார் சரி?” என்றாள். ஆய்வகத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

படுத்தே இருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

அவர்கள் மீட்டரை ஐம்பது லக்ஸில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு காட்டியது. குறைவாகக் காட்டும் மீட்டர். பன்னிரண்டைக் கூட்ட வேண்டும். ஜனவரித் தாளை எடுத்தேன். அன்றும் முப்பத்தெட்டுதான். என் எழுத்துத்தான், அழகாக இருக்கிறது. திருத்தம் என்ற கட்டத்தில் மைனஸ் பன்னிரண்டு.

கூட்டல் குறி ஒன்று. ஒரே ஒரு கோடு விட்டுப்போயிற்று. அந்த ஒரு கோட்டுக்கு இருபத்து நான்கு லக்ஸ்.

ஜனவரி ஆறாம் தேதி என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. ஆகஸ்டுக்குப் பிறகு எந்தத் தேதியும் ஞாபகம் இல்லை.

ஜீரோ தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: “வண்டியில கொண்டு போறப்ப அடிபட்டு மீட்டர் மாறியிருக்கும்னு எழுதிடலாம்டா. யாருக்குத் தெரியும்?” அவர் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காகச் சொல்கிறார். “உங்களுக்குத் தெரியுமே” என்றேன். அவர் போய்த் தேநீர் வாங்கி வந்து வைத்தார்.

மார்ச் 11, செவ்வாய்

நேரிலேயே போய்ச் சொன்னேன்.

துணி டாக்டர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் இருந்தாள். நின்றுகொண்டே கேட்டாள்.

“மைனஸா?”

“ஆமா. ப்ளஸ் போட்டிருக்கணும்.”

“அன்னிக்கு என்ன, தூங்கிட்டீங்களா?”

“இல்ல. முழிச்சிட்டுத்தான் இருந்தேன்.”

திட்டுவாள் என்று நின்றேன். ஒரு காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டாள். அவர்களுக்கு வெளிச்சமும் கணக்குத்தான். வாரம் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம், பன்னிரண்டு வாரம், ஐம்பது லக்ஸ்: இவ்வளவுதான் இந்தத் துணிக்கு. பிறகு பல வருடம் இருட்டில் வைத்துவிடுவார்கள். எழுபத்து நான்கில் அந்தப் பன்னிரண்டு வாரமும் எட்டே வாரத்தில் தீர்ந்துவிடும். ஏழு முடிந்துவிட்டது. “அடுத்த வாரம் எறக்கணும். சுவரொட்டியெல்லாம் இதோட படம்தான். இயக்குநர் என்னைத்தான் கேப்பார்” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. நான் படித்தவன்தானே. வெளுத்த நிறம் திரும்பி வருமா என்று கேட்டேன்.

“துணி என்ன கோவிச்சுக்கிட்டுப் போன ஆளா சார், திரும்பி வர்றதுக்கு?”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் என்ன கண்டாளோ, கவுன் இருந்த பெட்டியைத் திறந்து, கையுறை விரலால் பாவாடையின் தையல் ஓரத்தைக் கொஞ்சம் புரட்டிக் காட்டினாள். உள்ளே மடிந்து கிடந்த இடம் கத்தரிப்பூ நிறத்தில், கண்ணைப் பறிப்பது போல இருந்தது. வெளியே இருப்பது அதற்குப் பக்கத்தில் கழுவிவிட்ட மாதிரி. “நூத்தம்பது வருஷ வெளிச்சம். எல்லாம் உங்க மைனஸ் இல்ல. உங்க பங்கு கொஞ்சம்தான்” என்றாள். ஆறுதல் சொல்கிறாளா, குத்துகிறாளா தெரியவில்லை. இரண்டும்தான்.

ஆய்வகத்தில் தவறை எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு என் கையெழுத்துக்குக் கீழே ஜீரோவும் கையெழுத்துப் போட வேண்டும். “வாடா மாப்ளே, சேந்து போடலாம்” என்றார்.

மார்ச் 13, வியாழன்

தையல் ஓரத்துக்குள் இருந்த அந்த நிறம். கண்ணை மூடினால் வருகிறது.

மார்ச் 15, சனி

மச்சினி மறுபடி போன். எடுக்கவில்லை. மூன்று முறை. பிறகு ஒரு செய்தி: “தர மனசில்லன்னா சொல்லிடுங்க அத்தான். நான் வேற வாங்கிக்கறேன். கோவமில்ல.”

மனசில்லைதான். அதை எப்படிச் சொல்வது? உனக்குத் தைத்ததை உனக்குத் தர மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பதில் போடவில்லை. அதைக் கழற்றிவிட்டால் அந்த இரண்டு நாள் முடிந்துவிடும். அது முடியாதவரைக்கும்— என்ன? என்னடா முடியாதவரைக்கும்?

மார்ச் 16, ஞாயிறு

காலையில் ஆய்வகத்து மீட்டரை வீட்டில் வைத்துப் பார்த்தேன். சும்மா. பையில் இருந்தது.

கவுன் பக்கத்தில் ஜன்னலைப் பார்க்கப் பிடித்தேன். அப்புறம் விட முடியவில்லை. ஆறரையிலிருந்து மணிக்கு ஒரு முறை எழுதினேன். எட்டு மணிக்கு நேர் வெயில், மீட்டர் வரம்பை மாற்ற வேண்டியிருந்தது. பத்துக்கு மேல் இறங்கியது. சாயங்காலம் ஆறு வரை சராசரி எடுத்தேன். நாலாயிரம்.

அருங்காட்சியகத்தில் பன்னிரண்டு வாரத்துக்குக் கொடுக்கும் மொத்த வெளிச்சத்தை என் ஜன்னல் ஒரே நாளில், மத்தியானம் இரண்டு மணிக்குள் கொடுத்துவிடுகிறது. இப்படி ஏழு மாதம். நான் மீட்டர்காரன். ஊரில் உள்ள வெளிச்சத்தையெல்லாம் அளக்கிறவன்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தினமும் பார்த்ததுதான், அறையின் அந்தப் பக்கத்திலிருந்து, கட்டிலில் படுத்துக்கொண்டு. பக்கத்தில் போனதே இல்லை. ஜன்னலைப் பார்த்த இடப்பக்கம் தோளிலிருந்து கீழே வரைக்கும் சாம்பல் மாதிரி வெளுத்திருக்கிறது. பட்டை பட்டையாக. கம்பியின் நிழல் விழுந்த இடம் மட்டும் இன்னும் நீலம்.

நான் ஒண்ணும் பண்ணலடி. தொடவே இல்ல. தொடாமத்தான்டி வெச்சிருந்தேன்.

திரைச்சீலையைக் கவுனுக்குப் பின்னால் நுழைத்து ஜன்னலை மறைத்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். நாற்பது. இப்போது நாற்பது.

மார்ச் 18, செவ்வாய்

ஊதாக் கவுனை இன்று இறக்குகிறார்கள். புதிய சான்றிதழைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன். இரண்டு பேர் கைக்குழந்தையை மாற்றிக்கொள்வது போலத் தூக்கினார்கள். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் மெல்லிய வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்து, நீளமான அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து மூடினார்கள். கண்ணாடிக்குள் தாங்கி மட்டும் மிச்சம். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டம் வந்தது. காலிப் பெட்டியின் முன் நின்று, குறிப்பட்டையை முழுதும் படித்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை.

துணி டாக்டரிடம் அந்த மாதிரி ஒரு பெட்டி கிடைக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் தாளும்.

“யாரோட துணி?”

“என் வீட்டுக்காரி தெச்சது.”

“அவங்க போடலையா?”

“அவங்க போன வருஷம் தவறிட்டாங்க. அது அவங்களுக்குத் தெச்சதும் இல்ல. தங்கச்சிக்கு.”

நான் இதை யாரிடமும் இப்படி ஒரே மூச்சில் சொன்னதில்லை. அவள் தும்மல் வருவது போல முகத்தைச் சுளித்தாள். வரவில்லை.

“தங்கச்சி இருக்காங்கள்ல?”

“இருக்கா. அடுத்த மாசம் ஆறாம் தேதி கல்யாணம்.”

பெட்டி கொடுத்தாள். தாளும் கொடுத்தாள். பேருந்தில் அவ்வளவு நீளப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். “பூவா சார்?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். காலி என்றேன்.

மார்ச் 19, புதன்

பெட்டி மேசையில் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தாள். “வந்து எடுத்துக்கோ. ஆனா கெட்டுப்போச்சு. என்னாலதான்” என்றேன்.

“என்ன கெட்டுப்போச்சு? எலி கடிச்சிடுச்சா?”

“வெளுத்துடுச்சு.”

“ஞாயித்துக்கிழமை வரேன். குதிகால் செருப்பையும் எடுத்துட்டு வரேன். மடிப்பு அளவு எடுக்கணும்ல” என்றாள். ஏதோ எல்லாம் முன்பே பேசி முடித்த மாதிரி.

மார்ச் 23, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்துக்காகத் திரையை விலக்கினாள். நான் கதவருகே நின்றேன். வெகு நேரம் பார்த்தாள். வெளுத்த பக்கத்தை உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள்.

“அக்கா இருந்திருந்தா உங்களைக் கொன்னே போட்டிருப்பா அத்தான்.”

சிரித்துவிட்டேன். என் சத்தம்தானா என்று எனக்கே சந்தேகம். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு அவளே ஹேங்கரோடு கழற்றினாள். நான் கழற்றவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

உள்ளறையில் போட்டுக்கொண்டு குதிகால் செருப்போடு வந்து ஸ்டூல் மேல் ஏறினாள். கீழே இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். முப்பத்தொன்று. மடிப்பு அவிழ்ந்து விழுந்தது. உள்ளே நான்கு விரல் அகலத்துக்குச் சுற்றிலும் பழைய நீலம். ஆகஸ்ட் மாதத்து நீலம். வெளிச்சமே படாதது. தையல் ஓரத்துக்குள் இருந்த அந்த ஊதா எனக்கு ஞாபகம் வந்தது. தரையில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தைத்தவள் சொன்னபடியே துணி இறங்கி நின்றிருக்கிறது. இரண்டு நாளில் இறங்க வேண்டியது ஏழு மாதத்தில் நன்றாகவே இறங்கி, இடப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் அதிகம். ஸ்கேலால் சரிவராது. ஆய்வகத்துப் பையிலிருந்து லேசர் மட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். சிவப்புக் கோடு அவள் பாதத்துக்கு மேலே நேராக விழுந்தது.

“அத்தான், நான் என்ன கட்டடமா?”

“பேசாம திரும்பு. மெதுவா. பத்துப் பத்து டிகிரியா.”

“பத்து டிகிரின்னா எனக்கு எப்படித் தெரியும்?”

“அக்காவுக்குத் தெரியும்.”

வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் கொஞ்சம் திரும்பினாள். கோட்டின் மேல் சாக்கட்டியால் குறித்துக்கொண்டே போனேன். குதிகாலுக்கு நீளம் வேண்டும், ஆகவே புதிய மடிப்பு பழையதற்கு வெகு கீழே வருகிறது. அந்தக் கரு நீலம் பட்டையாக வெளியே தெரியும். மேலே வெளுப்பு, கீழே நீலம். வேறு துணி ஒட்டுப் போட்ட மாதிரி. வெட்டிவிடலாமா என்று கேட்டேன். செருப்பு உயரம் குறைந்ததை வாங்கிக்கொள்ளலாம்.

அவள் குனிந்து பார்த்தாள். “இருக்கட்டும். யாராவது கேட்டா டிசைன்னு சொல்லிக்கலாம்.”

பிறகு தையல் மெஷினின் உறையை எடுத்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு யாரும் எடுத்ததில்லை. ஊசியில் நீல நூல் கோத்தபடியே இருந்தது. அடியில் பாபின் உருளையிலும் என் வீட்டுக்காரி சுற்றிய நூல். தங்கைக்கு அக்காவின் கை வராது. நெளிநெளியாகத் தைத்தாள், இரண்டு இடத்தில் திட்டிக்கொண்டே பிரித்தாள். வீட்டில் அந்தச் சத்தம். நான் அடுப்படியில் போய்த் தேவையில்லாமல் தம்ளர்களைக் கழுவினேன். ஒரு சாண் பாக்கி இருக்கும்போது பாபின் நூல் தீர்ந்தது. புதிதாகச் சுற்றித் தைத்து முடித்தாள்.

கசங்காமல் கொண்டுபோக அந்த நீளப் பெட்டியைக் கொடுத்தேன். வெள்ளைத் தாளை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். “பயங்கரமா ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கீங்களே” என்றாள்.

ஆமாம் என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

கம்பியில் காலி ஹேங்கர். காலையில் எழுந்ததும் கண் அங்கேதான் போகிறது. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 2, புதன்

ஒன்பது மீட்டர். எல்லாம் தேறின. ஒவ்வொன்றின் குறியையும் வாய்விட்டுப் படித்தேன். ஜீரோ, “மந்திரமாடா?” என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

மத்தியான வரவேற்புக்கு அதைத்தான் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை அவளுக்கு வலப்பக்கம் நின்றார். வெளுத்த இடப்பக்கம் மறையாமல் கூட்டத்துக்குத் தெரிந்தது. ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, “ரெண்டு கலர்ல நல்லா இருக்கே, எந்தக் கடை?” என்றாள். வீட்டில் தைத்தது என்றேன். யார் என்று கேட்டாள். சொன்னேன். படமெடுக்கும்போது மாமனார் என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போய், “இப்படி நில்லுங்க மாப்பிள்ளை” என்று அந்த இடப்பக்கமே நிற்கவைத்தார். கவுனின் கீழ்ப் பட்டை என் செருப்பின் மேல் கிடந்தது. நான் காலை நகர்த்தவில்லை.

மேடையில் விளக்குகள் பளீரென்று எரிந்தன. கண் கூசியது. எத்தனை லக்ஸ் என்று தெரியாது. மீட்டரைக் கொண்டுபோகவில்லை.

வந்து சட்டையைத் துவைத்தேன். வெயில் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஜன்னல் கம்பியில் அந்த ஹேங்கரிலேயே மாட்டியிருக்கிறேன். காயட்டும்.